விமானத் தூரமும் பயண நேரமும்: நாமே கணக்குப் போடுவது எப்படி

கீழக்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல், பள்ளிக்கூட விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அச்சடித்துத் தருகிறேன். ஆனால் தினமும் தவறாமல் வருவது விமான டிக்கெட்தான். வளைகுடாவில் இருக்கும் பிள்ளை வாட்ஸ்அப்பில் அனுப்பியதை உம்மா தூக்கிக்கொண்டு வருவார். தாளை அச்சடித்துக் கையில் கொடுத்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ராத்தா, இது எத்தனை மணி நேரம்? எப்ப வந்து சேருவான்?"

டிக்கெட்டில் எல்லாமே எழுதியிருக்கிறது. ஆனால் அதை அப்படியே படித்தால் விடை தப்பாக வரும். நான் எப்படிக் கணக்குப் போடுகிறேனோ அதை இங்கே எழுதுகிறேன். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில் தூரம்.

என் கடை மேசையில் ஓர் உலக உருண்டை இருக்கிறது. வாப்பா கப்பலில் வேலை பார்த்தவர். நாங்கள் படிக்கும்போது வாங்கிக் கொடுத்தது. அதில் ஒரு துண்டு தூண்டில் நரம்பைச் சுற்றி வைத்திருக்கிறேன். நரம்பை இழுத்து இழுத்து அரபிக்கடலில் நீலச் சாயம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. யாராவது ஊர் பெயரைச் சொன்னால் நரம்பின் ஒரு முனையைச் சென்னையில் விரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை அந்த ஊர் வரை விறைப்பாக இழுப்பேன். நரம்பு தானாகவே மிகக் குட்டையான வழியில் போய்ப் படியும். அதை எடுத்து ஸ்கேலில் வைத்து அளந்தால் தூரம் கிடைத்துவிடும்.

அளவு இப்படி. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கி.மீ. என் உருண்டையின் வயிற்றில் டேப் வைத்துச் சுற்றினால் 94 செ.மீ. வருகிறது. 40,000-ஐ 94-ஆல் வகுத்தால் ஒரு செ.மீ.க்கு 425 கி.மீ. உங்கள் உருண்டை சின்னதாக இருந்தால் அதன் சுற்றளவை அளந்து இதே மாதிரி வகுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து துபாய் 7 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, அதாவது 2,930 கி.மீ. சென்னையிலிருந்து லண்டன் 19 செ.மீ.க்கு மேலே, ஏறக்குறைய 8,230 கி.மீ. துபாயிலிருந்து நியூயார்க் 26 செ.மீ. வரும், 11,000 கி.மீ.

சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தில் மட்டும் அளக்காதீர்கள். உருண்டையை உரித்துத் தட்டையாக்கியதுதான் அந்தப் படம். வடக்கே போகப் போக இடங்கள் விரிந்து காட்டும். சுவர்ப் படத்தில் ஸ்கேல் வைத்தால் துபாயிலிருந்து நியூயார்க்குக்கு வட ஆப்பிரிக்கா வழியாக நேர்கோடு விழும். உருண்டையில் நரம்பை இழுத்துப் பாருங்கள். ஈரான், கருங்கடல், ஸ்காட்லாந்து என்று மேலேறி, அட்லாண்டிக்கைத் தாண்டிக் கனடாவின் நியூபவுண்ட்லாந்து பக்கம் இறங்கி நியூயார்க்குக்கு வரும். "அமெரிக்காவுக்குப் போற பிளேன் ஏன் வடக்கே போகுது?" என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, நரம்பைக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உருண்டை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. நம் கடற்கரையில் ஜி.பி.எஸ். வைத்துத் தொழிலுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் நாட்டிக்கல் மைல் தெரியும். அட்சரேகையில் ஒரு டிகிரிக்கு 60 நாட்டிக்கல். ஒரு நாட்டிக்கல் 1.852 கி.மீ. ஆகவே ஒரு டிகிரி என்றால் 111 கி.மீ. சென்னை விமான நிலையம் வடக்கே 13 டிகிரி, துபாய் 25.25 டிகிரி. வித்தியாசம் 12.25, அதை 111-ஆல் பெருக்கினால் 1,360 கி.மீ. இது வடக்கு தெற்குத் தூரம். தீர்க்கரேகையில் சென்னை 80.2, துபாய் 55.4. வித்தியாசம் 24.8, அது 2,753 கி.மீ. ஆனால் வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும். அதனால் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் உள்ள 19 டிகிரிக்குக் கோசைன் பார்த்து, 0.9455-ஆல் பெருக்க வேண்டும். 2,603 வரும். இப்போது பள்ளிக்கூடத்தில் படித்த பித்தாகரஸ்தான்: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,937. நரம்பு சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கொழும்பு, துபாய், கோலாலம்பூர், சிங்கப்பூர் வரைக்கும் இந்த முறை சரியாக வரும். லண்டன், அமெரிக்கா என்றால் வேண்டாம், தப்பிவிடும். அதற்கு நரம்புதான். இல்லையென்றால் கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற இணையப் பக்கத்தில் இரண்டு விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியையும் தட்டினால் போதும். சென்னைக்கு எம்.ஏ.ஏ., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., திருச்சிக்கு டி.ஆர்.இசட்., துபாய்க்கு டி.எக்ஸ்.பி. குறியைக் கவனமாகப் பாருங்கள். துபாய்க்கே டி.டபிள்யூ.சி. என்று இன்னொரு விமான நிலையம் இருக்கிறது, ஷார்ஜாவுக்கு எஸ்.எச்.ஜே. அழைக்க வரும் மச்சான் வேறு நிலையத்தில் நின்றால் பாவம், அவருக்கும் அலைச்சல்.

தூரத்தை அளப்பதில் எனக்குப் பிடித்த பயன் ஒன்று உண்டு. நடுவில் இறங்கி மாறும் ஊர் வழியில் இருக்கிறதா, வழியை விட்டு விலகி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நேராக அளந்தால் 13,480 கி.மீ. துபாய் போய் மாறினால் 2,930-உம் 11,000-உம் சேர்த்து 13,930. அதிகம் 450 கி.மீ. மட்டும்தான். துபாய் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது என்று அர்த்தம். அதே நியூயார்க்குக்குச் சிங்கப்பூர் வழியாகப் போனால்? சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கே 15,300 கி.மீ.க்கு மேல். உலகத்தில் இடைநில்லாமல் பறக்கும் மிக நீண்ட வழிகளில் அது ஒன்று, பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு இன்னொரு 2,900 சேர்த்தால் 18,200. டிக்கெட் விலை சில ஆயிரம் குறைகிறது என்று இந்த மாதிரி வழியில் வயதானவர்களை ஏற்றிவிடாதீர்கள். முதலில் நரம்பை இழுத்துப் பாருங்கள்.

இனி நேரம்.

பெரிய விமானம் மேலே ஏறிய பிறகு மணிக்கு 900 கி.மீ. அளவில் போகும், சின்ன ஜெட் 830, 840. ஆனால் தரையில் உருண்டு போவதற்கும், ஏறுவதற்கும், இறங்குவதற்கும் நேரம் போகிறது. நான் வைத்திருக்கும் கணக்கு: தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டு. சென்னையிலிருந்து துபாய் 2,930-ஐ வகுத்தால் 3 மணி 27 நிமிடம், அரை மணி கூட்டினால் ஏறக்குறைய 4 மணி நேரம். டிக்கெட்டிலும் நாலிலிருந்து நாலே கால் வரைக்கும்தான் போட்டிருக்கும். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் 2,980 கி.மீ., அதுவும் அதே நாலு மணி நேரம். நம் ஊரிலிருந்து சபர் (வெளிநாட்டுப் பயணம்) போகிறவர்களுக்குத் துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தூரம் என்றால் பலர் நம்புவதில்லை.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் அல்ல. வாசலை விட்டு விமானம் நகர ஆரம்பிப்பதிலிருந்து, அங்கே போய் நிறுத்தத்தில் நிற்பது வரைக்கும் அது.

நீண்ட தூரத்துக்கு இந்த 850 கணக்கு மட்டும் போதாது. காற்றையும் பார்க்க வேண்டும். கடலோரத்தில் இதைச் சொன்னால் உடனே புரியும். கச்சான், அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, அடிக்கும்போது மேற்கே வள்ளம் ஓட்டினால் என்ன பாடு! வடக்கே, ஐரோப்பா, அட்லாண்டிக் பக்கம், 10, 12 கி.மீ. உயரத்தில் பெரும்பாலும் கச்சான்தான். ஜெட் காற்று என்கிறார்கள். குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கி.மீ. வேகத்தையும் தாண்டும். அதனால் மேற்கே போகிற விமானம் அதை எதிர்த்துப் போகிறது, கிழக்கே திரும்புகிற விமானத்தை அது தள்ளிவிடுகிறது. துபாயிலிருந்து நியூயார்க் போக 14 மணி நேரம், திரும்பி வர பன்னிரண்டரை. சென்னையிலிருந்து லண்டன் போக 11 மணி அளவு, திரும்பி வர 10. ஒரே தூரம், ஒரே விமானம். ஒரு வழிக்குப் பார்த்த நேரத்தை மறுவழிக்கு அப்படியே எழுதாதீர்கள்.

நம் தலைக்கு மேலே கதை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கரையில் கச்சான் மணலை வாரி அடிக்கிற அதே மாதங்களில், விமானம் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலேயும் தென்னிந்தியாவில் காற்று நேரெதிராகக் கிழக்கிலிருந்து வீசுகிறது. கீழே கச்சான், மேலே கொண்டல்! இந்தக் கிழக்கு ஜெட் காற்றைப் பற்றி நம் நாட்டு வானிலை அறிஞர் கோடீஸ்வரம் 1958-இல் எழுதினார். இதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். வாப்பா இருந்திருந்தால் முதலில் அவரிடம்தான் சொல்லியிருப்பேன்.

வானத்தில் மூடிய கதவுகளும் உண்டு. 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்வெளியில் பயணிகள் விமானம் கிடையாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா போகும் நம் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. ஆகவே நரம்பு காட்டும் தூரம் குறைந்தபட்சம், அதற்குக் கீழே போகாது. அதற்கு மேல் எவ்வளவு என்பது அந்தந்த மாத நிலவரம்.

இப்போது எல்லோரும் தடுமாறும் இடத்துக்கு வருகிறேன். டிக்கெட்டில் இரண்டு நேரம் இருக்கும். புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரம், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரம். சென்னை காலை 9:50, துபாய் மதியம் 12:30 என்று போட்டிருந்தால், "ரெண்டே முக்கால் மணி நேரத்தில் போயிடுதா?" என்பார்கள். இல்லை. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. 2 மணி 40 நிமிடத்தோடு 1:30 கூட்டினால் 4 மணி 10 நிமிடம். திரும்பும்போது துபாய் அதிகாலை 2:45, சென்னை காலை 8:15 என்றால் ஐந்தரை மணி போலத் தெரியும். அதில் ஒன்றரையைக் கழித்தால் 4 மணி நேரம். மேற்கே போகும்போது கூட்டு, கிழக்கே வரும்போது கழி. சவுதி, குவைத், கத்தார் நம்மைவிட இரண்டரை மணி பின்னால். சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி முன்னால், அங்கே போகும்போது கழிக்க வேண்டும், வரும்போது கூட்ட வேண்டும். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை மணி பின்னால். நியூயார்க் குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். அந்த வாரங்களில் பயணம் என்றால் இருமுறை பாருங்கள்.

இந்த இரண்டரை மணி நேரத்தை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் அது ஒரு முறை தப்பியிருக்கிறது. உம்மாவின் உம்மா மவுத்தானபோது (இறந்தபோது) மாமா ரியாத்தில் இருந்தார். ராத்திரி பத்து மணி விமானம், ஐந்து மணி நேரம் என்று போனில் சொன்னார். வீட்டில் ஒருவர் பத்தோடு ஐந்தைக் கூட்டி, அதிகாலை மூன்று மணிக்குச் சென்னை, அங்கிருந்து காரில் பத்து மணி நேரம், லுஹருக்கு (மதியத் தொழுகைக்கு) வந்துவிடுவார் என்று காலண்டர் தாளின் பின்னால் எழுதினார். லுஹருக்கு அடக்கம் என்று பள்ளியில் அறிவித்தாயிற்று. ரியாத்தில் பத்து மணி என்றால் இங்கே பன்னிரண்டரை என்பது யாருக்கும் தோன்றவில்லை. விமானம் இறங்கியது காலை ஐந்தரைக்கு. வெளியே வர ஒரு மணி நேரம். இரண்டரை மணி வரை காத்திருந்தார்கள். அதற்கு மேல் மையத்தை (இறந்தவர் உடலை) வைத்திருக்க வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மாமா அஸர் (பிற்பகல்) தொழுகை முடிந்த பிறகுதான் வந்தார். பையைக்கூட இறக்காமல் நேராக மையவாடிக்கு (அடக்கத் தலத்துக்கு) போனார். தன் உம்மாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அந்தக் காலண்டர் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். யாராவது அவசரமாகக் கேட்டால், வாயால் நேரம் சொல்ல மாட்டேன். தாளில் எழுதி, இரண்டு ஊர்க் கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத்தான் கொடுப்பேன்.

அடுத்தது நள்ளிரவு. வளைகுடா விமானங்கள் பல நடுராத்திரிக்குப் பிறகுதான் கிளம்பும். டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:40 என்றால் 14-ஆம் தேதி இஷா (இரவுத் தொழுகை) தொழுத கையோடு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி ராத்திரி போய் நின்ற ஒரு தம்பியின் டிக்கெட்டை நான்தான் அச்சடித்திருந்தேன். அதிலிருந்து இந்த மாதிரி டிக்கெட் வந்தால் சிவப்புப் பேனாவால் "14 ராத்திரியே கிளம்பவும்" என்று மேலே எழுதிவிடுகிறேன். சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று இருந்தால் மறுநாள் என்று அர்த்தம்.

நோன்பு வைத்துக்கொண்டு மேற்கே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சூரியனும் நம் கூடவே வரும். ஊரில் நோன்பு திறந்த பிறகும் ஜன்னலுக்கு வெளியே வெயில் இருக்கும்.

சரி, முழுப் பயணத்தையும் ஒரு முறை போட்டுப் பார்ப்போம். கோடையில் கீழக்கரையிலிருந்து நியூஜெர்சிக்கு மகள் வீட்டுக்குப் போகிற உம்மா என்று வையுங்கள். சென்னையில் திங்கள் அதிகாலை 3:20 விமானம். மூன்று மணி நேரம் முன்னால் போக வேண்டும், கொஞ்சம் கூடுதலாக இரவு 11 மணி என்று வைப்போம். கீழக்கரையிலிருந்து சென்னைக்குக் காரில் ஏறக்குறைய பத்து மணி நேரம், ஆகவே ஞாயிறு மதியம் ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டும். துபாயில் காலை 6:00. மறுவிமானம் 8:30. நியூயார்க்கில் திங்கள் பகல் 2:30. இமிக்ரேஷன், பெட்டி, வீட்டுக்குப் போகும் ரோடு எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம், மாலை 5:30. அப்போது கீழக்கரையில் செவ்வாய் அதிகாலை 3 மணி. ஞாயிறு ஒரு மணியிலிருந்து எண்ணினால் 38 மணி நேரம். இதில் விமானம் ஓடிய நேரம் 18 மணி 10 நிமிடம் மட்டுமே. மிச்சம் கிட்டத்தட்ட 20 மணி நேரம் தரையில் போகிறது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த 38-ஐ வைத்துத்தான் மாத்திரை எண்ண வேண்டும், கைப்பையில் வைக்க வேண்டும்.

தரைப் பயணம்தான் நம் கடற்கரைக்காரர்களுக்குப் பெரிய கணக்கு. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது. தலைக்கு மேலே விமானம் போவதைத் தினமும் பார்க்கிறோம், ஆனால் அது பயணிகளுக்கு இல்லை. கீழக்கரையிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம், திருச்சிக்கு நாலு மணி, சென்னைக்குப் பத்து. மதுரையிலிருந்து துபாய் 2,950 கி.மீ., சென்னையிலிருந்து 2,930. ஆகாயத்தில் வித்தியாசமே இல்லை. ரோட்டில் ஏழரை மணி நேர வித்தியாசம். டிக்கெட் விலையை ஒப்பிடும்போது சென்னை போகும் கார் வாடகையையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

நடுவில் மாறும் பயணத்தில் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டாலும் அடுத்த வழி செய்து தருவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் பொறுப்பு நம் தலையில். அப்படி வாங்குகிறவர்கள் நடுவில் ஐந்தாறு மணி நேரமாவது விடுங்கள். வெளிநாட்டிலிருந்து மும்பை, டெல்லி வழியாக மதுரைக்கு வருகிறவர்கள், முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடித்து, பொதுவாகப் பெட்டியையும் எடுத்து கஸ்டம்ஸ் தாண்டித்தான் உள்நாட்டு விமானத்துக்குப் போக வேண்டும். அதற்கு மூன்று மணி நேரம் இருந்தால் நிம்மதி.

நேற்று ஓர் உம்மா மகனின் டிக்கெட்டை எடுத்து வந்தார். துபாய் அதிகாலை 2:45, மதுரை காலை 8:15. தாளைப் புரட்டிப் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். இறங்குவது 8:15. பெட்டியோடு வெளியே வர ஒன்பதரை. ரோடு இரண்டரை மணி, பரமக்குடியில் டீ குடிக்க அரை மணி. வீட்டு வாசலில் பன்னிரண்டரை. அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப பதினொண்ணரைக்கு உலை வச்சா சரியா இருக்கும்" என்று சொல்லித் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.